செல்லபாய் ஏலத்தில் எடுத்த செடி

2024 மே 28, செவ்வாய்

ரப்பர் பால்வெட்டு உண்டு. ஷீட் ஆறு. மேற்கே கறுத்து நின்றது, பெய்யாமல் போய்விட்டது.

செல்லபாய் மஸ்கட் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். மகள் ஜெஸ்பினுக்கு அடுத்த மாதம் பேறு. மகளின் முதல் பேறு தாய்வீட்டில் நடப்பதுதான் முறை. நர்ஸ் வேலையில் அத்தனை நாள் லீவு கிடைக்காது என்பதால் தாய்வீடு விமானம் ஏறி மகளிடம் போயிருக்கிறது. மீதி வீட்டுக்கு நான் காவல். நூற்றிருபது ரப்பர் மரம், ஐந்து கோழி, ஹாலில் ஒரு செடி.

சாயங்காலம் போன் வந்தது. முதல் கேள்வி: "செடிக்கு வெள்ளம் ஊத்துனியளா?" அடுத்தது கோழி. அடுத்தது கேஸ் சிலிண்டர். நான் சாப்பிட்டேனா என்பது நாலாவதாக வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிவிட்டுப் போன தாளிலும் இதே வரிசைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டம்ளர், அரிசி கழுவிய தண்ணீர் என்றால் நல்லது, வெயில் படக் கூடாது, ஏசக் கூடாது. கடைசியில் உள்ளது செடிக்கா கோழிக்கா என்று தெரியவில்லை.

அந்த ஆந்தூரியச் செடியில் ஒரு இலையின் ஓரம் காபிப்பொடி நிறமாக இருக்கிறது. வெயிலாக இருக்கும்.

மே 31, வெள்ளி

வெட்டு உண்டு. ஷீட் ஐந்து.

காரணம் வெயில் இல்லை. இன்று மூன்று இலை அப்படி ஆகிவிட்டது. ஒன்று வெந்த கீரை மாதிரி தொங்குகிறது.

எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்து தினமும் எழுதிய பழக்கம்தான் இந்த நாட்குறிப்பு. அங்கே ஒரு மரம் பட்டுப்போனால் யார் வெட்டினது, யார் தப்பு என்று எழுதாமல் விட்டதில்லை. ஆகவே இதையும் எழுதத்தான் வேண்டும்.

போன வாரம் காற்றில் லைன் அறுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. கிணற்றில் கோரிய தண்ணீர் சோற்றுக்கும் ஷீட் வேலைக்குமே சரியாகப் போயிற்று. ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட்டை எடுத்த பிறகு டிரேயில் மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அதை எப்போதும் புறவாசல் ஓடையில் கொட்டுவேன். அந்த ஓடை முடிகிற இடத்தில் நிற்கிற தென்னைதான் எங்கள் பறம்பிலேயே நன்றாகக் காய்க்கிறது. தென்னைக்கு ஆகிற தண்ணீர் இத்தனூண்டு செடிக்கு ஆகாதா என்று நினைத்தேன். மூன்று நாளும் ஒவ்வொரு மக் ஊற்றினேன்.

வெட்டினது: செல்வதாஸ். தப்பு: செல்வதாஸ்.

ஜூன் 2, ஞாயிறு

பக்கத்து வீட்டு அன்னக்கிளி, அவர்கள் கோயிலான பதியில் கும்பிட்டுவிட்டு நெற்றியில் நாமத்தோடு வந்தாள். கையில் ஒரு பப்பாளி. செல்லபாயின் சிநேகிதி அவள். அவள் வீட்டு வராந்தாவில் ஆந்தூரியம் மட்டும் எட்டுச் சட்டி நிற்கிறது. பப்பாளியை என்னிடம் தந்துவிட்டு நேரே செடியிடம் போய்க் குனிந்து மோந்து பார்த்தாள்.

"அண்ணே, இது என்ன ஷீட்டு மணம் அடிக்குது?"

நான் பப்பாளியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"ஷீட்டு வெள்ளத்தயா ஊத்துனிய? அது ஆசிட்டாக்கும்!"

"தென்னைக்கு ஊத்துதேனே, ஒண்ணும் ஆகலியே."

"தென்ன முப்பதடி உயரத்துல நிக்குது. இது ஒரு சட்டிக்குள்ள கெடக்குது. அக்காக்கிட்ட சொல்லியாச்சா?"

இல்லை என்றேன். வேண்டுமென்றே ஊற்றினீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்பதுபோல ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

ஜூன் 3, திங்கள்

மழை. வெட்டு இல்லை. சும்மா இருக்கிற நாள். அன்னக்கிளி ஏன் அப்படிப் பார்த்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன அக்டோபரில் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போகும். கூப்பிடுகிறவர் ஜெயசிங். ஆண்கள் முன்னால் நின்று கேட்பார்கள். பெண்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். ஏதாவது வேண்டுமென்றால் புருஷன் காதில் வந்து சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை, நடப்பு அதுதான். அன்றைக்கு ஒரு ஆந்தூரியம் வந்தது. கனமான மண்சட்டி, சிவப்பாக ஒரே ஒரு பூ. பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் என் வீட்டுக் கை.

"செல்வதாஸ் கேக்காரு" என்று ஜெயசிங் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வேறொருவர் ஏற்றினார். அவள் மறுபடியும் கை தூக்கினாள். இப்படி நாலு தடவை. கடைசித் தடவை ஜெயசிங் மைக்கிலேயே, "செல்வதாசுக்க வீட்டுல இப்ப வேட்டி ஆருக்கு ஓய்?" என்றார். முற்றமே சிரித்தது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டரை கிலோமீட்டர் நடந்து வந்தாள். நான் உறங்குவதுபோலக் கிடந்தேன். தையல் மெஷின் மேல் சட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது நாள் அவளிடம் பேசவில்லை. பத்தாம் நாள் பேசினேன். ஆனால் அன்று நடந்ததைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு மாதத்தில் அந்தச் செடிக்கு ஒருநாள்கூட நான் தண்ணீர் ஊற்றியதில்லை. ஊற்றிய முதல் வாரமே இப்படி.

இது செத்தால், நான் வேண்டுமென்றே கொன்றேன் என்றுதான் நினைப்பாள். நினைக்க மாட்டாளா? அவள் இடத்தில் நான் இருந்தால் நினைப்பேன்.

ஜூன் 4, செவ்வாய்

மழை. வெட்டு இல்லை. மரத்தில் இல்லையே தவிர, வீட்டில் இருந்தது.

அன்னக்கிளி வந்து நின்று சொல்லச் சொல்ல, செடியைச் சட்டியிலிருந்து எடுத்து வேரைக் கழுவினேன். வேர் எல்லாம் அழுகிக் கையோடு வந்தது. புளித்த நாற்றம். தண்டின் மேல்பாதியில் மட்டும் வெள்ளையாக இரண்டு வேர் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. "அதுக்குக் கீழ முறிச்சிருங்கோ" என்றாள்.

பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக் கழுவி எடுத்தேன். மரத்தின் தடியில் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை இது. எத்தனை ஆயிரம் மரம் பார்த்திருக்கும். விரல் தடிமன் உள்ள ஒரு தண்டை வெட்டுவதற்கு இன்று மூன்று தடவை கத்தியை வைத்து வைத்து எடுத்தது.

மேல்பாதியைக் கரித்துண்டும் தேங்காய்த் தொண்டு நாரும் ஓட்டாஞ்சில்லும் போட்டு அதே சட்டியில் நட்டோம். வெட்டின இடத்தில் துரிசு கலக்கித் தடவலாமா என்று கேட்டேன். மழைக்கு முன்னால் ரப்பருக்கு அடிக்கிற மருந்து அது. "ரப்பர் வைத்தியத்த ரப்பருக்குச் செய்யுங்கோ, இத விடுங்கோ" என்று கையைத் தட்டிவிட்டாள்.

கீழ்ப்பாதி இரண்டு அங்குலக் கட்டை. இலையும் இல்லை, வேரும் இல்லை. தூரப் போட மனம் வரவில்லை. ரப்பர் பால் சேர்க்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் தொண்டு நாரை வைத்து அதன் நடுவில் படுக்கவைத்தேன். கிடக்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

வீடியோ கால். "செடிய காட்டுங்கோ, பாத்து மூணு வாரமாச்சு."

"இங்க டவர் கெடைக்கல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் கிடைத்தது.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் பொய் சொன்னது குறைவு. பேச்சே குறைவு என்பதால் அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

செடியைப் போட்டோ பிடித்துக்கொண்டு குலசேகரத்தில் செடி விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "இது போச்சு. ஒண்ணு புதுசு கொண்டு போங்கோ" என்று எடுத்துக் காட்டினார். அதே இலை, அதே சிவப்பு, பூகூட ஒன்றே ஒன்று. நம் சட்டியில் வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கையில் வாங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவள் கை தூக்கினது இதற்கு இல்லையே என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று ஒரு பூவாளி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19, புதன்

பேத்தி! காலை பதினொன்றேகாலுக்கு. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு பேரும் சுகம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

செல்லபாய் போனில் அழுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி அழுகிறாள். "மூக்கு உங்களுக்க மூக்குதான், பாவம் பிள்ள" என்கிறாள். போனில் காட்டினாள். துணிக்குள்ளே ஒரு சிவந்த முகம், கண்ணைத் திறக்க மனமில்லாமல் இருக்கிறது. பக்கத்தில் மருமகன் பெனிஷ், மூன்று நாள் உறங்காதவன்போல நிற்கிறான். நானும் அழுதுவிட்டேன். இங்கே யாரும் பார்க்கவில்லை, கோழியைத் தவிர.

இன்றைக்குத்தான் செடியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஜூன் 22, சனி

கடைசி இலையும் விழுந்தது. இப்போது ஹாலில் இருப்பது ஒரு குச்சி.

ஜூன் 27, வியாழன்

மழை. வெட்டு இல்லை.

வேர் வந்திருக்கிறதா என்று தொண்டு நாரை விலக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

மழை. வெட்டு இல்லை. மறுபடியும் விலக்கிப் பார்த்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அன்னக்கிளி வந்துவிட்டாள். "தெனமும் இப்பிடி நோண்டுனா அது எப்பம் வேரு பிடிக்கும்? உங்கள ஆராவது தெனமும் எழுப்பி உறங்குனியான்னு கேட்டா உறங்குவியளா?"

நியாயம்தான். எஸ்டேட்டில் பட்டை மரத்துப் பால் வராத மரத்துக்கு நான் என்ன செய்வேன்? கத்தி வைக்காமல் ஒரு வருடம் விட்டுவிடுவேன். வேறு மருந்தே கிடையாது. கேட்காமல் வெட்டினவனை எத்தனை ஏசு ஏசியிருக்கிறேன். அந்தப் புத்தி வீட்டுக்குள் வரும்போது எங்கே போகிறது?

இனி தொட மாட்டேன். காலையும் மாலையும் பூவாளியில் கொஞ்சம் நனைப்பது மட்டும்.

ஜூலை 3, புதன்

தொடவில்லை.

ஜூலை 5, வெள்ளி

வெட்டு உண்டு. ஷீட் மூன்று. தொடவில்லை. போகும்போதும் வரும்போதும் "என்ன, எப்படி இருக்கே?" என்று கேட்கிற பழக்கம் வந்திருக்கிறது. ஏசக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது செடிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூலை 10, புதன்

சிரட்டையில்! குச்சியில் இல்லை, தூரப் போட இருந்த அந்தக் கட்டையில். பக்கவாட்டில் அரிசிமணி அளவுக்கு ஒரு பச்சை. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பச்சைதான். அன்னக்கிளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கண்ணாடி எடுத்து வந்து பார்த்தாள்.

"பொழச்சிட்டுது அண்ணே" என்றாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டைக்காக!

ஜூலை 19, வெள்ளி

சட்டியில் குச்சியின் உச்சியிலும் ஒன்று வந்திருக்கிறது. செம்பு நிறத்தில், சுருட்டி வைத்த பீடி மாதிரி. நான் பீடி விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. கண் இன்னும் விடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

செல்லபாய்க்கு விசா ஆகஸ்ட் பதினைந்தோடு முடிகிறது. இன்னும் மூன்று மாதம் நீட்டலாம், ஜெஸ்பின் கேட்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று போனில் கேட்டாள். வீடு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூன்று நாள் குழம்பு. டிவியில் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். வா என்று சொல்ல வேண்டியதுதானே. வாயில் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கம் இல்லை.

"செடி எப்பிடி நிக்குது? நீங்க காட்டவே மாட்டேங்கிய" என்றாள்.

"செடி சரியில்ல" என்றேன்.

சுருள் விரிந்து உள்ளங்கை அகல இலை கண்முன்னால் பளபள என்று நிற்கிறது. நான் சொல்கிறேன், சரியில்லை என்று. போட்டோ அனுப்புங்கள் என்றாள். ஜூன் பன்னிரண்டாம் தேதி கடைக்காரருக்குக் காட்டப் பிடித்த போட்டோ போனில் கிடந்தது. அதை அனுப்பினேன்.

செத்துக்கொண்டிருந்தபோது நன்றாக இருக்கிறது என்று நடித்தேன். பிழைத்த பிறகு சாகிறது என்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

டிக்கெட் போட்டாயிற்று. ஆகஸ்ட் 13, திருவனந்தபுரம். "நான் வந்து பாக்கேன், அது வரைக்கும் ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள்.

ஒட்டடை அடித்தேன். தலையணை உறை துவைத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டுமே.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மத்தியானம் ஜெஸ்பின் தனியாகக் கூப்பிட்டாள். அம்மா குளிக்கப் போயிருந்த நேரம்.

"அப்பா, அம்மா திடீர்னு போவணும்ங்கா. கேட்டா செடிங்கா. ஒரு செடிக்காகவா அப்பா? செப்டம்பர் கடைசியில நான் டூட்டிக்கு ஏறணும். பெனிஷுக்கும் ஷிப்டு. மூணு மாசப் பிள்ளைய நான் ஆருக்கிட்ட விட?"

அழுதாள். சின்ன வயதில் அழுகிற அதே அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. பின்னால் பிள்ளையும் அழுதது. நான் பார்க்கிறேன் மக்கா என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் நான் செய்தது.

சாயங்காலம் அன்னக்கிளி புது இலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா போவும்போ நான் கேட்டேன் அண்ணே, செடிய எனக்க வீட்டுல வச்சிட்டுப் போங்கன்னு. சம்மதிக்கல்ல. அவரு பாக்கட்டும், அவருக்கும் அதுக்கும் ஒரு பழக்கம் வரட்டும்னு சொன்னாவ."

அவள் போன பிறகு தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். செல்லபாய் நம்பித்தான் விட்டுப் போயிருக்கிறாள். என்னை. அந்தச் செடியை வைத்துத்தான் நான் அவளை ஏமாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

சொல்லிவிட்டேன். எல்லாம்.

நானே கூப்பிட்டேன். எடுத்ததும், என்ன, நீங்களாகக் கூப்பிடுகிறீர்கள், உடம்புக்கு என்ன என்று பயந்துவிட்டாள். ஒண்ணுமில்ல, இதப் பாரு, என்று போனைச் சட்டி முன்னால் பிடித்தேன். பிறகு சிரட்டையைக் காட்டினேன். சட்டியில ஒரு இலை, சிரட்டையில ஒரு இலை, அந்தப் போட்டோ ஜூன்ல எடுத்தது, நான் பொய் சொன்னேன் என்றேன். ஷீட்டு வெள்ளம் ஊத்தினது நான், தெரியாம ஊத்தினேன், வேணும்னு இல்ல, சத்தியமா வேணும்னு இல்ல என்றேன். நீ வரணும்னு இருந்துது, கேக்கத் தெரியல்ல, அதனால செடிமேல போட்டேன் என்றேன். நீ அங்க நில்லு, பிள்ளைக்கு நீ வேணும் என்றேன். பிறகு — எங்கிருந்து வந்ததோ — அன்னைக்கு ஏலத்துல நான் உன்ன விட்டுட்டுப் போனது தப்பு என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில்.

பிள்ளையின் சிணுங்கல் மட்டும் கேட்டது. "வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன் இல்லை. கோயிலில் என்ன பிரசங்கம் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வெட்டு உண்டு. ஷீட் நாலு. போன் இல்லை.

நானாகக் கூப்பிடலாமா? என்ன சொல்ல? சொல்ல இருந்ததெல்லாம் சொல்லியாயிற்று. ஒன்பது நாள் நான் பேசாமல் இருந்தபோது அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். நான் இரண்டு நாளிலேயே விழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏழு மணிக்கு வந்தது.

"சாப்பிட்டியளா?" என்றாள்.

முதல் கேள்வி.

இல்லை என்றேன். மரச்சீனி அவிச்சு மீன் கொழம்பு வச்சித் தின்னுங்கோ, சுருங்கிப் போயிருக்கிய என்றாள். பிறகு குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்லித்தந்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"டிக்கெட்ட மாத்தியாச்சு. நவம்பர் பன்னெண்டுக்கு வருதேன்."

சரி என்றேன்.

"போட்டோ பாத்து ரெண்டு நாளு உறங்கல்ல தெரியுமா? செடிக்கு இல்ல. நீங்க வேணும்னு செஞ்சியளோன்னு ஒரு நெனப்பு வந்திட்டுது. நெனச்சிட்டேனேன்னு எனக்க மேலயே கோவம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எதுக்குக் கை தூக்கினேன்னு ஒருநாளாவது கேட்டியளா?" என்றாள். "எனக்குன்னு ஒண்ணு எடுக்கணும்போல இருந்துது. என்னதுன்னு தெரியாது. முன்னால நின்னது அதுதான். செடி இல்லேன்னா கோழிக்குத் தூக்கியிருப்பேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிரட்டையைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள். கட்டையிலிருந்து இலை வந்த கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். பேசி முடிக்கும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாழ்நாளில் இதுதான் அதிகம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சட்டியில் இரண்டாம் இலை. சிரட்டையிலும் இரண்டாம் இலை சுருளில் நிற்கிறது. பிள்ளை சிரிக்கிறது, வீடியோவில் பார்த்தேன். செல்லபாய் அதைச் செடிக்கும் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

ஜெஸ்பின் டூட்டிக்கு ஏறினாள். பிள்ளை பாட்டியோடு சுகமாக இருந்ததாம். இங்கே மழை. வெட்டு இல்லை. மீன் குழம்பு வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 26, சனி

நாளை அறுப்பின் பண்டிகை. எப்போதும்போல வாழைக்குலை வெட்டி வைத்திருக்கிறேன். சிரட்டையில் மூன்று இலை விரிந்துவிட்டது. அதையும் கொண்டுபோகலாமா? கேட்டால் செல்லபாய் என்ன சொல்வாளோ. கேட்டேன். "கொண்டு போங்கோ, நல்லதத்தானே கொடுக்கணும்" என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம். மேசையில் என் சிரட்டையைப் பார்த்து ஜெயசிங், "என்ன ஓய், பாலு எடுக்க மறந்து கொண்டு வந்துட்டீரா?" என்றார். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் பார்க்கட்டுமே என்று வீடியோ காலைப் போட்டேன். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

செடி ஏலத்துக்கு வந்தது. ராஜையன் விளையாட்டுக்கு ஒரு விலை கேட்டார்.

"கையத் தூக்குங்கோ" என்றது போன்.

"எதுக்கு? பெரிசு வீட்டுல நிக்குதே."

"தூக்குங்கோன்னு சொன்னேன்."

தூக்கினேன். "செல்வதாஸ் கேக்காரு" என்றார் ஜெயசிங்.

"செல்வதாஸ் கேக்கல்ல" என்றேன். மைக் இல்லாமலே நன்றாகக் கேட்டது. "செல்லபாய் கேக்கா. அவளுக்க பேரச் சொல்லும்." போனை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

ஜெயசிங் என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். இந்தத் தடவை வேட்டிக் கதை வரவில்லை. "மஸ்கட்டுலேர்ந்து செல்லபாய் கேக்கா" என்று கூப்பிட்டார். ராஜையன் ஒதுங்கிக்கொண்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் போட்டிக்குக் கை தூக்கினாள். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் போன், "விடாதீங்கோ, ஏத்துங்கோ" என்று சத்தம் போட்டது. நானும் ஏற்றினேன், அவளும் ஏற்றினாள். என் கை நாலு தடவை மேலே போனது. செல்லபாய் ஒரு தரம். செல்லபாய் ரெண்டு தரம். செல்லபாய் மூணு தரம்.

பைக்கைக் கோயிலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு கையில் சிரட்டையும் ஒரு கையில் போனுமாக நடந்தேன். அவள் கேட்டாள், பைக் என்ன ஆயிற்று என்று. ஒண்ணும் ஆகல்ல, நடக்கேன் என்றேன்.

"போன வருசம் சட்டிய எங்க எறக்கி வச்ச?" என்று கேட்டேன்.

"பாலத்துல" என்றாள். "கை கழண்டு போச்சு. அங்கதான் கொஞ்ச நேரம் இருந்தேன்."

சிரட்டைக்குக் கனமே இல்லை. இருந்தாலும் பாலம் வந்ததும் கைப்பிடிச் சுவரில் இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனைத் திருப்பிக் காட்டி, "இங்கயா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் அங்கோட்டு" என்றாள்.

நகர்த்தி வைத்தேன்.